சாப்ட்வேர் வாங்கியாச்சு, நடத்துவது யார்?

மதுரையில் கணினி இல்லாத மொத்த வியாபாரக் கடையை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். கீழமாசி வீதி மளிகை மண்டி, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை, கப்பலூர் சிட்கோ பட்டறை, பைபாஸ் ரோட்டு மருத்துவமனை என்று எங்கே நுழைந்தாலும் ஒரு திரை, ஒரு பில் பிரிண்டர், மேசைக்கடியில் ஒரு யூபிஎஸ். இவற்றில் பல இடங்களுக்குக் கணினி ஆசைப்பட்டு வந்ததல்ல. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. 2018 ஏப்ரலில், சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் என்று தொடங்கிய, பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ், 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. நடுத்தர அரிசி வியாபாரிக்கே 5 கோடி விற்றுமுதல் சாதாரணம். ஆக, கடைக்கு உரிமம் எடுப்பது போலத்தான் சாப்ட்வேரும் எடுக்கப்பட்டது: வாங்கினோம், வேலை முடிந்தது.

ஆனால் அது அப்படி முடிகிற வேலை இல்லை. வாங்குவதற்குக் கையெழுத்துப் போட முதலாளி இருக்கிறார். விற்பதற்கு டீலர் இருக்கிறார். தினமும் அதை நடத்துவதற்குப் பொறுப்பு இன்னார் என்று ஒரு பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. 'சிஸ்டம் படுத்துடுச்சு' என்று சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அவர்கள் விழும்போது செய்தியாகிறது, நம் கடை விழும்போது ஷட்டர் பாதி இறங்குகிறது, அவ்வளவுதான்.

வெயிலும் கரண்டும்

மேசைக்கடியில் இருக்கும் அந்த யூபிஎஸ்ஸிலிருந்தே தொடங்கலாம். அதன் பேட்டரிக்குச் சொல்லப்படும் ஆயுள் சுமார் 25 டிகிரி வெப்பத்தை வைத்துப் போட்ட கணக்கு. அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை, வைகாசியில் மதுரையில் வெளியே 40 டிகிரி. மாடிப்படிக்கு அடியில், காற்று புகாத மூலையில், பழைய பில் கட்டுகளுக்கு நடுவே அந்தப் பெட்டி இருக்கிறது. நான்கு வருடம் வரும் என்று வாங்கிய பேட்டரி இரண்டாம் வருடமே மூச்சுவிடத் திணறும். அதுவும் சொல்லாமல் திணறும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கரண்ட் போன கணமே எல்லாம் அணைந்துவிடும்.

கணக்குப் பதிவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி அணைந்தால் தரவுக் கோப்பு சிதையலாம். மறுநாள் காலை பில் போட உட்காரும்போதுதான் அது தெரியும். இதற்கு நம் ஊரில் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. பராமரிப்புக்காக இன்ன பகுதியில் இன்று மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வருகிறதல்லவா, அன்றைக்கு யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கியது என்று பார்த்து அதன் மேலேயே தேதி போட்டு ஒட்டி வைக்கலாம். இருபது நிமிடம் பன்னிரண்டாகி, பிறகு ஐந்தானால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்புறம், லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். அது சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரம் சின்ன யூபிஎஸ்ஸுக்குத் தாங்காது.

நகல் இருக்கிறது என்ற நம்பிக்கை

'பேக்கப் எடுக்கிறீங்களா?' என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர் குறைவு. எங்கே என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். 'டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கோம்' என்பார்கள். பெரும்பாலான கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள்தான். வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். சிலர் பென் டிரைவில் எடுப்பார்கள், அந்தப் பென் டிரைவ் நாள் முழுக்கக் கணினியிலேயே செருகியிருக்கும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் உள்ளே வந்தால் செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டும். கூகுள் டிரைவ் போன்றவற்றில் தானாக ஒத்திசைவதை நம்புகிறவர்கள் அடுத்த வகை. இங்கே அழித்தது அங்கேயும் அழியும், இங்கே பூட்டப்பட்டது அங்கேயும் பூட்டப்பட்ட வடிவில் போய்ச் சேரும். பழைய பதிப்புகளைச் சில நாள் வரை மீட்க வழி உண்டு என்பது உண்மைதான். எத்தனை நாள், எப்படி என்று அந்த அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா என்பதுதான் கேள்வி.

இது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை. உலகம் முழுக்க நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, இரவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபி தரவு போனது. அவர்களிடம் நகலெடுக்க ஐந்து வழிகள் இருந்தன, தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி நகல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

தென்கொரியாவில் நடந்தது இதைவிடக் கசப்பு. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்துபோனது. அதற்கு வெளியே நகல் இல்லை. அளவு மிகப் பெரிது, நகல் வைக்கத் தோதுப்படவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எல்லாவற்றுக்கும் நகல் வைக்க முடியாது என்பது சரிதான். எதற்கு வைப்பது, எதை விடுவது என்று யார் முடிவெடுத்தார்கள்?

அந்த முடிவை எடுக்க இரண்டு கேள்விகள் போதும். நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்கலாம்? எத்தனை மணி நேரத்து வேலையை இழந்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம்? பதில் கடைக்குக் கடை மாறும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை காலைக்குள்ளேயே ஏறி இறங்கும். முகூர்த்த நாள் விடியலில் அரை மணி நேரம் பில் நின்றால் அது பெரிய இழப்பு, அதே கடையில் பிற்பகல் மூன்று மணிக்குச் சிஸ்டம் படுத்தால் டீ குடித்துவிட்டு வரலாம். ஜவுளிக்கடைக்கு ஆடியிலும் தீபாவளி வாரத்திலும் ஒரு பதில், ஆவணி நடுவில் வேறு பதில். தனியார் மருத்துவமனையின் மருந்தகத்துக்கு இரவு பகல் வேறுபாடே கிடையாது. இந்தப் பதில்களைச் சொல்ல வேண்டியவர் முதலாளி. கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பியால் இதைச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் அவரிடம்தான் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி பலருக்கும் தெரியும். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து, போன வாரத்து ஒரு பில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நான் நகல் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே ஆள், நான்கு பேரேடு

இயந்திரக் கோளாறுக்கு மெக்கானிக் வருவார். தரவுக் கோளாறுக்கு யாரும் வருவதில்லை, ஏனென்றால் அது கோளாறாகவே தெரிவதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து சரக்கு எடுக்கும் ஒரு வாடிக்கையாளரை வைத்துக்கொள்வோம். ஒருவர் அவரை 'எம். பாண்டியராஜன்' என்று ஏற்றுகிறார். மாலை ஷிப்டில் இருப்பவர் தேடிக் கிடைக்காமல் 'பாண்டியராஜன் எம்' என்று புதிதாகத் திறக்கிறார். தீபாவளி நெரிசலில் 'பாண்டியராஜ் உசிலை' என்று இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும்போது ஓர் எழுத்து கூடிக் குறைந்து நான்காவது ஒன்று. தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்று நமக்குள்ளேயே ஒரு முடிவு இல்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு எங்கிருந்தோ வந்த சாப்ட்வேருக்கு நம் பெயர்முறை புரிவதும் இல்லை. விளைவு என்ன? கடன் வரம்பு 2 லட்சம் என்று சிஸ்டத்தில் வைத்திருப்பார்கள், நான்கு பேரேட்டிலும் தனித்தனியாக 1.5 லட்சம் நிற்கும். எச்சரிக்கை மணி ஒருமுறைகூட அடிக்காது.

மருத்துவமனையில் இதே சிக்கல் ஆபத்தாகிறது. பெயரில் குழப்பம் என்பதால் செல்பேசி எண்ணை வைத்துத் தேடுவார்கள். ஒரு குடும்பத்தில் பாட்டி, மகள், பேரன் மூவருக்கும் வீட்டில் உள்ள ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். எண்ணைத் தட்டியதும் வரும் முதல் பெயரைத் திறந்தால் பாட்டியின் சர்க்கரை அளவு மகளின் பதிவில் ஏறும். தனி நோயாளி எண்ணை அட்டையில் அச்சடித்துக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது அதைக் கேட்பதுதான் வழி. அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள் என்பதையும் கணக்கில் கொண்டு, பெயர், வயது, ஊர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யப் புது மென்பொருள் தேவையில்லை, வரவேற்பு மேசையில் இருப்பவருக்குப் பத்து விநாடி கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

சரக்குப் பெயரிலும் இப்படித்தான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. சந்தை உடனே 26 கிலோ மூட்டைக்கு மாறிக்கொண்டது. சிஸ்டத்தில் 'ஒரு சிப்பம் = 25 கிலோ' என்று முன்பே ஏற்றியிருந்தவர்களுக்கு இரண்டு வழி இருந்தது. அந்த 25-ஐ அப்படியே 26 என்று திருத்துவது, அல்லது 26 கிலோவுக்குப் புதிதாக ஒரு சரக்குப் பெயர் திறப்பது. முதல் வழி ஒரு நிமிட வேலை. அதைச் செய்தால் கிடங்கில் இருக்கும் பழைய மூட்டைகளும் கணக்கில் ஒரே இரவில் ஒரு கிலோ கனத்துவிடும், பழைய பில்லுக்கும் புது இருப்புக்கும் ஒத்துப்போகாது. இரண்டாவதுதான் சரி. எது சரி என்று தெரிந்தவர் அன்று கடையில் இருந்தாரா, திருத்த உரிமை யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் ஆண்டுக் கடைசியில் இருப்புக் கணக்கு நேராகும்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவலாவதற்கு முன் அலுவலகங்களில் ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் தட்டச்சு செய்தார்கள். யூனிகோடையும், டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளை இப்போதைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக வரும். சங்கத் தீர்மானங்கள், பள்ளிப் பதிவேடுகள், அறக்கட்டளைக் கணக்குகள் என்று எத்தனையோ இப்படிக் கிடக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவிருக்கும் ஆள் பணி ஓய்வு பெறுவதற்குள் மாற்றிவிட்டால் நல்லது.

மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு

சாப்ட்வேர் போட்ட பிறகும் கடைகளில் ஒரு நீள நோட்டு ஓடிக்கொண்டிருக்கும். முதலாளிக்கு அதைக் கண்டால் எரிச்சல். 'இவ்வளவு செலவு பண்ணி சிஸ்டம் போட்டாச்சு, இன்னும் என்ன நோட்டு?' என்பார். நான் அந்த நோட்டின் பக்கம்தான் நிற்பேன்.

நோட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து படித்தால் தெரியும். 'இவருக்குப் பழைய விலை', 'நாளை வந்து மீதி வாங்குவார்', 'மூன்று சேலை பார்வைக்குக் கொடுத்தது', 'லாரி செட்டில் இறக்கியாச்சு, பில் வரலை' என்றெல்லாம் இருக்கும். அதாவது வியாபாரத்தில் நடப்பது, ஆனால் சாப்ட்வேரில் போட இடமில்லாதது. சுங்குடிச் சேலைக்குத் துணி கொடுத்து, முடிச்சுப் போட ஒரு வீடு, சாயத்துக்கு இன்னோர் இடம் என்று அனுப்பும் வியாபாரியின் சரக்கு எந்த நேரமும் நாலு இடத்தில் பாதி முடிந்த நிலையில் இருக்கும். கொள்முதல், விற்பனை என்று இரண்டே கதவு வைத்த பில்லிங் சாப்ட்வேரில் அது எங்கே போகும்? நோட்டுக்குத்தான் போகும்.

நோட்டைத் தடை செய்தால் அது ஊழியரின் வாட்ஸ்அப்புக்குப் போகும். அது இன்னும் மோசம், ஏனென்றால் நோட்டாவது கடையில் இருந்தது. மாறாக, அந்தக் குறிப்புகளில் எது அடிக்கடி வருகிறது என்று பார்த்து, முதல் இரண்டு மூன்றுக்கு மட்டும் சிஸ்டத்தில் வழி செய்யச் சொல்லி டீலரிடம் கேட்கலாம். பார்வைக்குக் கொடுத்த சரக்கையும் வெளியே வேலைக்குப் போன சரக்கையும் தனி கிடங்குப் பெயரில் காட்டும் வசதி பல சாப்ட்வேர்களில் ஏற்கெனவே இருக்கிறது, சொல்லித் தர ஆள் வந்ததில்லை. எஞ்சியது நோட்டிலேயே இருக்கட்டும்.

நேற்று வரை ஓடியது

ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் ஏன் நிற்கிறது? கூகுளின் பொறியாளர்கள் தங்கள் அனுபவத்தில் சொன்ன கணக்குப்படி, செயலிழப்புகளில் ஏறக்குறைய 70 சதவீதம் யாரோ செய்த ஒரு மாற்றத்தால் வருபவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவலுக்கு வைத்ததே கதவை அடைத்துவிட்டது. அரசுப் பக்கமும் உதாரணம் உண்டு. இ-வே பில் முதலில் 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்க இருந்தது. முதல் நாளே தளம் சுமை தாங்காமல் திணறியதால் கட்டாயம் தள்ளிவைக்கப்பட்டு, ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

இதற்காக மாற்றமே வேண்டாம் என்று உட்கார முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதிது வாங்கினால் கார்பன் தாள் வைத்து அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும், எடை இயந்திரத்தின் பழைய இணைப்பும் அதோடு பேசுமா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் மாற்றினால் பில் திரையில் வரும், தாளில் வராது.

எப்போது மாற்றுவது என்பதிலாவது கவனம் வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி கெடு, 20-ஆம் தேதி இன்னொன்று. ஏப்ரல் 1 வந்தால் பில் எண் வரிசை புதிதாகத் தொடங்கும். சித்திரைத் திருவிழா வாரத்தில் ஊருக்குள் டெக்னீஷியன் வண்டி ஓட்டி வந்து சேருவதே பெரும்பாடு. இந்த நாட்களைத் தவிர்த்து, முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கணினியில் மட்டும் முதலில் செய்து பார்த்து, என்ன மாற்றினோம் என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மறுநாள் கோளாறு வரும்போது டீலர் கேட்கும் முதல் கேள்வி 'நேத்து என்ன பண்ணீங்க?' என்பதுதான். 'ஒண்ணுமே பண்ணலையே' என்பதுதான் எப்போதும் வரும் பதில்.

ஓடிபி யார் போனுக்கு?

ஜிஎஸ்டி தளத்தில் பதிவான செல்பேசி எண் யாருடையது? பழைய கணக்குப்பிள்ளையுடையதாக இருக்கலாம், அவர் வேலையை விட்டு இரண்டு வருடமாகியிருக்கலாம். இணையதளப் பெயர் டிசைன் செய்த பையன் பெயரில் பதிவாகியிருக்கும், அவர் இப்போது பெங்களூரில். பில் சாப்ட்வேரில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைவார்கள், அது கடைப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றுமாக இருக்கும். ஒரு பில்லைத் திருத்தியது யார் என்று கேட்டால் 'அட்மின்' என்று காட்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், திருத்தங்களின் தடத்தை அழிக்க முடியாதபடி காட்டும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தத் தடம் யாரையும் காட்டாது.

பெரிய தாக்குதல் வரும்போது இந்த ஓட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கணக்குக் கேட்கும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டு, புறநோயாளி சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை நாள்கணக்கில் கையால் எழுத வேண்டியதாயிற்று. 2024 ஜூலை கடைசியில் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது. அந்த வங்கிகள் தாங்களாக எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. இப்படி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆறு மணி நேரத்தில் சொல்ல வேண்டுமென்றால் யார் சொல்வது என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தனி ஐடி துறை வைக்கப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தால் முடியாது, தேவையும் இல்லை. மூத்த கணக்காளரையோ கிடங்கு மேலாளரையோ பொறுப்பாளராக்கி, அதற்கென்று வாரத்தில் இரண்டு மணி நேரமும் சம்பளத்தில் ஒரு தொகையும் ஒதுக்கலாம். கணினி நன்றாகத் தெரிந்தவரைவிடக் கடை நன்றாகத் தெரிந்தவர் இந்த வேலைக்குப் பொருத்தம். தொழில்நுட்பத்துக்கு டீலர் இருக்கிறார். டீலரிடம் என்ன கேட்பது என்றுதான் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் நேரில் வருவீர்கள், ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் எடுப்பது யார், எங்கள் தரவை நாங்கள் வேறு சாப்ட்வேருக்கு மாறும்போது எந்த வடிவில் தருவீர்கள், நகலை மீட்டுக் காட்ட மாதம் ஒருமுறை கூட இருப்பீர்களா? இவற்றை ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்க வேண்டும். புதுப்பிக்கிற மாதத்தில் கேட்டால் எழுதித் தருவார்கள், ஏனென்றால் அப்போது செக்கில் முதலாளி இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.